பாட்டனார் பெயர் எந்த ஏட்டில்?

2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நம் மக்களின் இல்லங்களில் பழைய டிரங்குப் பெட்டிகள் பல திறக்கப்பட்டன. வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே சமயத்தில் தொடங்கிற்று. 2002-ஆம் ஆண்டுப் பட்டியலில் உம் பெயர் உண்டா, இல்லையேல் தாய் தந்தையர் பெயர் உண்டா என்று படிவம் கேட்டது. சாலைக் கடைத்தெருவிலும், கரமனையிலும், வலியசாலையிலும் ஒரே பேச்சு. “அப்பா அப்பொழுது எந்த வீட்டில் வாடகைக்கு இருந்தார்?” “அம்மாவுக்கு வோட்டு ஊரிலா, இங்கேயா?” இருபத்துமூன்று ஆண்டுக்கு முற்பட்ட ஒரு பெயரைத் தேடுவதற்கே நாம் அத்தனை பாடுபட்டோம். எழுபது, எண்பது ஆண்டுக்கு முற்பட்ட பெயரைக் காட்டு என்று எவரேனும் கேட்டால் என் செய்வோம்?

அப்படியும் கேட்கப்பட்ட ஒருவர் நம் சங்கத்தில் உள்ளார். வயது எண்பதைக் கடந்த பெரியவர் அவர். ஒரு மாலை வேளையில் தம் பேத்தியைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு சங்க மண்டபத்துக்கு வந்தார். “தம்பி, நீங்கள் ரயில்வே ஆபீசில் காகிதத்தோடு பழகுகிறவர். இதற்கு ஒரு வழி சொல்லவேண்டும்” என்றார். பேத்தி மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அக்குடும்பம் பட்டியல் இனத்தைச் சேர்ந்தது. சாதிச் சான்றுக்குத் தாசில்தாரிடம் மனுக் கொடுத்தபோது, முன்னோர் வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்களா என்னும் கேள்வி எழுந்தது. பட்டியல் இனங்களுக்கான குடியரசுத் தலைவரின் ஆணை பிறந்த நாள் 1950 ஆகஸ்டு 10. அந்நாளுக்கு முன்பே குடும்பம் இங்கே நிலையாகக் குடியிருந்ததை ஏதேனும் ஒரு தஸ்தாவேஜினால் காட்டவேண்டும். பெரியவரிடம் நிலப் பத்திரம் இல்லை. வீட்டிலேயே பிறந்தவராதலால் பிறப்புப் பதிவும் இல்லை. தந்தையார் இவர் கைக்குழந்தையாய் இருந்தபோதே காலமாகிவிட்டார். இந்நகரின் தெருக்களைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் பணிக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர் அவர் என்பது மட்டுமே தெரியும்.

“நாங்கள் இங்கே வந்ததை யாரும் எழுதி வைக்கவில்லையா, தம்பி?” என்று பெரியவர் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடி ஐந்து மாதங்கள் அலைந்தோம். அலைந்ததில் அறிந்தவற்றை நம் சகோதர சகோதரிகளின் பொருட்டு இங்கே எழுதுகின்றோம்.

கடல் கடந்தோரும் கணவாய் கடந்தோரும்

முதலில் ஒரு வேற்றுமையை உணர்தல் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காக நம்மவர் சென்ற முதற் கப்பல் ‘துரூரோ’. அது சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை அங்கே சென்ற 1,52,184 பேருக்கும் எண் இட்டுக் கப்பல் பட்டியல் எழுதினர். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள மச்சம் முதலிய யாவும் அதில் உண்டு. மொரீஷியசுக்குச் சென்றவர்களின் பதிவேடுகளும் அங்கே பாதுகாக்கப்பட்டுள்ளன. கொத்தடிமைக்கு நிகரான ஒப்பந்தத்தில் போனவர்கள் அவர்கள். ஆளை எண்ணிக் கூலி பேசியமையால் ஆளின் பெயரும் ஏட்டில் ஏறிற்று. இன்று அவர்தம் கொள்ளுப் பேரர்கள் அப்பட்டியலைக் கையில் கொண்டு வந்து தம் கிராமத்தைக் கேட்டறிகின்றனர்.

நம் முன்னோரோ ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகவும் நடந்தும் வண்டி கட்டியும் வந்தவர்கள். அக்காலத்துச் சுங்கச் சாவடியில் புகையிலை மீதும் உப்பு மீதும் கண் இருந்ததேயன்றி ஆள் மீது இல்லை. 1904-இல் செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கிய பின்னர் பலர் ரயிலில் வந்தனர். மூன்றாம் வகுப்பு டிக்கெட்டில் பிரயாணியின் பெயரை எழுதும் வழக்கம் ரயில்வேயில் இருந்ததில்லை.

ஆகவே பெரியவரின் கேள்விக்கு முதல் விடை இது: நாம் வந்ததை எழுதியவர் எவரும் இலர். ஆனால் நாம் தங்கியதை எழுதியவர் பலர் உளர். வரி வாங்கியவர் எழுதினார். சம்பளம் கொடுத்தவர் எழுதினார். பிள்ளைக்கு எழுத்தறிவித்தவர் எழுதினார். ஞானஸ்நானம் கொடுத்தவர் எழுதினார். எந்தச் சர்க்கார் ஏடும் குடும்பத்தின் கதையைக் காப்பதற்காக எழுதப்பட்டதன்று. பாட்டனார் யாருக்குப் பணம் கொடுத்தார், யாரிடம் பணம் வாங்கினார் என்பதை முதலில் கேட்டறிந்தால், அவர் பெயர் எந்த ஏட்டில் இருக்கும் என்பது தானே விளங்கும்.

வீட்டில் தொடங்குக

ஆவணக் காப்பகத்தின் படியை மிதிக்குமுன் வீட்டுப் பெரியோர்களிடம் செல்க. ஆவணக் கச்சேரியில் ‘என் பாட்டனார் பெயர் இன்னது’ என்றால் எவராலும் எடுத்துத் தர இயலாது. ஊர், ஆண்டு, தொழில் ஆகிய மூன்றும் தெரிந்தால் வழி பிறக்கும்.

சொந்தக் கிராமமே மறந்துபோன குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கேட்கவேண்டிய கேள்வி, “நம் சாஸ்தா எது?” என்பதே. திருநெல்வேலிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் பங்குனி உத்திரத்தன்று ஒரு குலத்தார் யாவரும் தம் சாஸ்தா கோயிலில் கூடுவது வழக்கம். எந்தக் குளக்கரையில், எந்த மரத்தடியில் அந்தச் சாஸ்தா இருக்கின்றார் என்பது நம் ஆச்சிமார்களுக்கு ஊர்ப் பெயர் மறந்தாலும் மறப்பதில்லை. அங்கே சென்றால் பங்காளிகளைக் காணலாம். ஊர்க் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரித்த நோட்டுப் புத்தகம் ஊர்ப் பெரியவர் வீட்டில் இருந்தால் அதையும் கேட்டுப் பார்க்கலாம். யார் எப்போது வெளியூர் போனார், அவர் வரியை யார் கட்டினார் என்பன அதில் தெரியவரும். வட நாட்டார் அரித்துவாரத்துப் பண்டாக்களின் வழிவழிக் குடும்ப ஏடுகளில் தம் முன்னோரைத் தேடுவதுபோல் நமக்கு இது.

வீட்டில் உள்ள ஜாதகக் குறிப்பு, கலியாணப் பத்திரிகை, பள்ளிச் சான்று, பழைய கரம் தீர்த்த ரசீது, கூலிச் சீட்டு, பிராவிடண்டு பண்டுக் காகிதம் ஆகிய எதையும் ‘குப்பை’ என்று எண்ணி எரித்துவிடலாகாது.

ஆண்டுக் கணக்கில் நாம் செய்த பிழை

பழைய தஸ்தாவேஜுகளைப் படிப்பதில் முதல் தடை ஆண்டுக் கணக்கு. திருவிதாங்கூர் ஏடுகள் கொல்லம் ஆண்டினால் எழுதப்பட்டவை. திருநெல்வேலிப் பக்கத்து ஜாதகங்களிலும் கொல்லம் ஆண்டைக் காணலாம். கொல்லம் ஆண்டு ஆவணி மாதத்தில், அதாவது மலையாளச் சிங்கத்தில், பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடியவுள்ள நாட்களுக்குக் கொல்லம் ஆண்டோடு 824-ஐக் கூட்டவேண்டும். ஜனவரி முதல் ஆடி முடியவுள்ள நாட்களுக்கு 825-ஐக் கூட்டவேண்டும். ஆலயப் பிரவேச விளம்பரம் வெளிவந்தது 1112 துலாம் 27. அது 1936 நவம்பர் 12. ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று மலையாளிகள் இன்றும் சொல்லும் பெருவெள்ளம் 1099-ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. அது 1924 ஜூலை. இவ்விரண்டையும் நினைவில் வைத்தால் கணக்குத் தவறாது.

நாம் தவறினோம். அதைப் பின்னர்ச் சொல்வோம்.

தமிழ்நாட்டு வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டு வரும். பசலி ஜூலை முதல் நாள் தொடங்குவது. டிசம்பர் வரைக்கும் 590-ஐயும், அதன்பின் ஜூன் வரைக்கும் 591-ஐயும் கூட்டுக. பிரபவ முதலிய அறுபது ஆண்டுப் பெயர்கள் மட்டும் எழுதியிருந்தால் எச்சரிக்கை தேவை. சர்வசித்து என்றால் அது 1947-48 ஆகவும் இருக்கலாம். 1887-88 ஆகவும் இருக்கலாம். பாட்டனாரையும் அவர் பாட்டனாரையும் ஒருவராக்கிவிடக் கூடாது. ஓலைகளிலும் பழைய பத்திரங்களிலும் ௵ என்பது வருஷம், ௴ என்பது மாதம், ௳ என்பது நாள், ௸ என்பது மேற்படி. பணக் கணக்கில் ஒரு சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். ஒரு சக்கரத்துக்கு 16 காசு.

அதிகாரம் போன வழியே காகிதமும் போகும்

நம் ரயில்வே அனுபவம் ஒன்றைச் சொல்வோம். திருவனந்தபுரம் டிவிஷன் 1979 அக்டோபர் 2-ஆம் நாள் மதுரை டிவிஷனிலிருந்து பிரிந்து பிறந்தது. அதற்கு முன்னர் இப்பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் சர்வீஸ் ரிஜிஸ்தரைத் திருவனந்தபுரத்தில் மட்டும் தேடினால் போதாது; மதுரையிலும் கேட்கவேண்டும். 1951 ஏப்ரல் 14-இல் தென்னக ரயில்வே அமைவதற்கு முன்பு தென்னிந்திய ரயில்வே என்னும் கம்பெனிப் பெயரில் நடந்த நிர்வாகத்துக்குத் திருச்சிராப்பள்ளி தலைமையிடம். சர்வீஸ் ரிஜிஸ்தரில் ஊழியரின் தந்தை பெயர், சொந்த ஊர், பிறந்த தேதி, அங்க அடையாளம் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ரயில்வேயில் பாட்டனார் கேங்மேனாக இருந்தவர்கள் இதை மறத்தல் ஆகாது.

நாடு பிரிந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டைத் தாலுகாவின் பெரும் பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்து, இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. இவ்வூர்களின் நிலக் கணக்குகள் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கச்சேரிகளுக்குச் சென்றன. ஆனால் திருவிதாங்கூர் அரசின் தலைமைக் கச்சேரியில் எழுதப்பட்ட கோப்புகள் திருவனந்தபுரத்திலேயே நின்றுவிட்டன. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம் ஒன்று தன் முன்னோரைத் தேடும்போது, கிரயப் பத்திரத்துக்கு ஊர்ச் சார்பதிவாளர் கச்சேரிக்கும், அரசு உத்தியோகம், மனு, மானியம் முதலியவற்றுக்குத் திருவனந்தபுரத்துக்கும் செல்ல நேரும். அங்கே உள்ள 1956-க்கு முற்பட்ட பத்திரங்களில் பல மலையாளத்தில் எழுதப்பட்டவை. மலையாளம் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அவ்வூர்ச் சுற்றத்தார் இடையே பெரும் மதிப்பு உண்டாவதைக் கண்டிருக்கின்றோம்.

திருநெல்வேலி, மதுரை ஜில்லாக்களின் பழைய கலெக்டர் கடிதங்களைக் காணவேண்டுமாயின் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாடவேண்டும். அதன் கட்டடம் 1909 முதல் இயங்கி வருகிறது. கிராம அளவில் ‘அ’ பதிவேடு, சிட்டா, அடங்கல் ஆகியவை நிலம் உடையார் பெயரைக் காட்டும்.

கோட்டைக்குள் ஓர் ஓலைக் கடல்

இந்நகரில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்தைப் பற்றிச் சொல்வோம். அதன் தலைமை அலுவலகம் நளந்தாவில் இருக்கிறது. கோட்டைப் பகுதியில் மத்திய ஆவணக் காப்பகம் இருக்கிறது. எர்ணாகுளத்திலும் கோழிக்கோட்டிலும் கிளைகள் உண்டு. கோட்டைக் காப்பகத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஓலைகள் இருப்பதாகக் கூறுவர். ஓலைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுக்குச் சுருணை என்று பெயர். ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் இவற்றுள் தலைசிறந்தவை. 2022-இல் அங்கேயே ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. கோட்டைக்குள் செல்வோர் பிள்ளைகளை அங்கு ஒருமுறை அழைத்துச் செல்லுதல் நலம். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, பழந்தமிழ், மலையாளம் என எழுத்து வகைகள் பலவற்றை அங்கே காணலாம். தமிழ்நாட்டில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மறைந்துபோன வட்டெழுத்து, திருவிதாங்கூரில் நெடுங்காலம் கணக்கர் கையில் உயிரோடிருந்தது. தமிழரின் பழைய எழுத்து தமிழரைவிட்டுப் பிரிந்து இங்கே வாழ்ந்தது என்று சொன்னால் பொருந்தும்.

அங்கே நம் குடும்பப் பெயர் கிடைக்குமா என்றால், நிலமோ, அரசு உத்தியோகமோ, கோயில் உரிமையோ, வழக்கோ இருந்த குடும்பமாயின் கிடைக்கலாம். திருவிதாங்கூரில் மார்த்தாண்டவர்மா காலத்தில் 914-ஆம் கொல்லம் ஆண்டில், அதாவது 1738-39-இல், நிலக் கண்டெழுத்து ஒன்று நடந்தது. 1886 பிப்ரவரியில் வெளியான விளம்பரத்தை ஒட்டி நிலம் முழுவதையும் அளந்து, சர்வே எண் இட்டு, உடையவர் பெயர் எழுதிய செட்டில்மெண்டு நடந்தது. இன்றைய வில்லேஜ் ஆபீசின் தண்டப்பேர்க் கணக்குக்கு அதுவே வேர். பலராமவர்மா மகாராஜா (1798–1810) காலத்தில் பலராமபுரத்துக்கு வந்து தறி நாட்டிய சாலியர் குடும்பங்களும், சாலைக் கடைத்தெருவில் கடை போட்ட குடும்பங்களும் இவ்வகை ஏடுகளில் தேடிப் பார்த்தல் வேண்டும்.

காப்பகத்துக்குச் செல்வோர் விண்ணப்பத்தில் ‘என் குடும்ப வரலாறு’ என்று மட்டும் எழுதாமல், இன்ன தாலுகா, இன்ன பகுதி, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை என்று வரையறுத்து எழுதுக. அடையாளச் சான்றும் பென்சிலும் கொண்டு செல்க.

வீண் அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இன்னும் மூன்று சொல்வோம். முதலாவது, மக்கள்தொகைக் கணக்கு. திருவிதாங்கூரின் முதற் கணக்கு 1875-இல் எடுக்கப்பட்டது. அன்றைய மக்கள்தொகை 23,11,379. அவ்வறிக்கையிலும் பின்வந்தவற்றிலும் சாதி, மொழி, தொழில் வாரியாகத் தொகை உண்டு. தனி ஆளின் பெயர் இல்லை. சுதந்தர இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வீட்டுக்கு எழுதிய விவரம் பிறர் பார்வைக்குத் தரப்படுவதில்லை. இரண்டாவது, 1906-இல் மூன்று பாகங்களாக வெளிவந்த நாகம் ஐயாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல். நாட்டையும் சமூகங்களையும் அறிய அது நல்ல நூல். பாட்டனார் பெயருக்கு அன்று. மூன்றாவது, காரியவட்டத்தில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீழ்த்திசைச் சுவடி நூலகம். அங்குள்ளவை பெரும்பாலும் இலக்கியம், சோதிடம், வைத்தியம் முதலிய நூற்சுவடிகள். பாட்டனார் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவராயின் பழைய கெஜட்டுகளைப் பார்க்கலாம். நியமனமும் மாற்றமும் அவற்றில் அச்சாகும். 1829-இல் தோன்றிய நம் நகரத்து அரசு மத்திய நூலகத்தில் இத்தகைய பழைய அச்சு ஏடுகள் உண்டு.

நிலமில்லாதவர் பெயர் எங்கே?

இவ்வளவும் நிலமும் உத்தியோகமும் உடையவர்க்கு. நம் பெரியவரைப் போன்றவர்க்கு? இதுவே எம்மை உறங்கவிடாத கேள்வி. அரண்மனையின் ஓலைகளில் தெருப் பெருக்கியவர் பெயர் அரிது. ஆயினும் அவர் பெயர் எழுதிய இடங்களும் உள.

குடிகிடப்பு ஒன்று. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தினால், குறிப்பாக 1970 ஜனவரி முதல் நாளுக்குப் பின், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவருக்குத் தம் குடிசை மண்ணை விலைக்குப் பெறும் உரிமை வந்தது. லேண்டு டிரிப்யூனல் வழங்கிய பட்டயத்திலும் அதன் கோப்பிலும், அவர் எவ்வளவு காலமாக அங்கே குடியிருந்தார் என்னும் விவரம் கிடைக்கக்கூடும். தேவிகுளம், பீருமேடு மலைத் தோட்டத்தார்க்குச் செக்ரோலும், லயத்து வீட்டுப் பதிவும், பிராவிடண்டு பண்டுக் கணக்கும் துணை. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிப் புனலூர் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்களுக்குக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் கைவிடக் கூடாத செல்வம். கிறிஸ்தவ அன்பர்களுக்குக் கோயில் ஏடு உண்டு. 1806-இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே தொண்டு தொடங்கிய காலந்தொட்டுத் தென் திருவிதாங்கூரின் சபைகள் பல. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைச் சபை ஏட்டில் எழுதுதல் வழக்கம். சாதியும் நிலமும் பாராமல் ஏழையின் பெயரைத் தகப்பன் பெயரோடு எழுதிய ஏடு அது. பிறப்பு இறப்புப் பதிவுகளை நகராட்சி, மாநகராட்சி, பஞ்சாயத்து அலுவலகங்களில் கேட்கலாம். 1969-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே பதிவு எங்கும் ஒரே சீராயிற்று என்பதால், அதற்கு முற்பட்டது கிடைக்காவிடில் மனந் தளரவேண்டாம்.

எல்லாவற்றிலும் எளியதும் நாம் மறந்துவிடுவதும் ஒன்றுண்டு. அது பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், தந்தை அல்லது காப்பாளர் பெயர், தொழில், வீடு இருக்கும் இடம், சாதி, சேர்ந்த தேதி ஆகிய அனைத்தும் அதில் ஒரே வரியில் இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கும் அந்த வரி உண்டு.

ஒரு வரி கிடைத்த கதை

பெரியவரிடம் இதைக் கேட்டபோது, “இரண்டு மூன்று வருஷம் போனேன், தம்பி. அதெல்லாம் படிப்பா?” என்று நகைத்தார். பள்ளி எங்கே என்பது நினைவிருந்தது. அப்பள்ளி இன்றும் நடக்கிறது. தலைமையாசிரியைக்கு மனு எழுதிக் கொடுத்தோம். பத்து நாள் கழித்து வரச் சொன்னார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்த அப்பதிவேட்டின் ஓரங்களைச் செல் அரித்திருந்தது. கொல்லம் 1122 இடவ மாதத்தில் பெரியவரின் பெயர் இருந்தது. தொழில் என்னும் கட்டத்தில் காலமான தந்தையாரின் நகரசுத்தி வேலை குறிக்கப்பட்டிருந்தது. வீட்டின் இடமும் இந்நகரிலேயே இருந்தது.

மகிழ்ச்சியின் வேகத்தில் நாம் 1122-ஓடு 824-ஐக் கூட்டி 1946 என்று மனுவில் எழுதிவிட்டோம். இடவம் ஆண்டின் பிற்பகுதி. 825 கூட்டி 1947 என்று எழுதியிருக்கவேண்டும். பள்ளியின் சான்றில் 1947, நம் மனுவில் 1946. மனு திரும்பி வந்தது. கணக்கெழுதிப் பிழைப்பவர் செய்த கணக்குப் பிழையினால் அம்முதியவர் மற்றொரு முறை மாடிப்படி ஏற நேர்ந்தது. அதற்காக இன்றும் வெட்கப்படுகின்றோம். அதனாலேயே அவ்விதியை இங்கே இத்தனை விரிவாக எழுதினோம்.

வேறொரு சிக்கலும் எழுந்தது. பதிவேட்டில் இருந்த தந்தை பெயர் குடும்பத்தார் அறியாத பெயர். வீட்டில் எல்லோரும் அவரைத் ‘தாடிக்காரர்’ என்றே சொல்லிவந்தனர். பிற்காலத்துக் காகிதங்களில் வேறோர் அழைப்புப் பெயர் தந்தை பெயராக ஏறியிருந்தது. இரு பெயரும் ஒருவருடையவையே என்பதற்கு வில்லேஜ் ஆபீசில் தனிச் சான்று வாங்க வேண்டியதாயிற்று. தெருவில் அவரை அறிந்த மூதாட்டி ஒருவர் வந்து வாக்குமூலம் கொடுத்தார். விசாரணைகள் முடிந்து, பேத்திக்குச் சான்று கிடைத்தது. கல்லூரியில் இடமும் கிடைத்தது.

அவ்வெற்றியினும் எம் நெஞ்சில் நிற்பது வேறொன்று. பதிவேட்டின் நகலை வாங்கிய அன்று பெரியவருக்கு அவ்வெழுத்தைப் படிக்கக் கண் போதவில்லை. பேத்தி படித்துக் காட்டினாள். “மறுபடி சொல்லு, பிள்ளே” என்றார். மறுபடியும் சொன்னாள். எண்பது வயதுக்கு மேல் தம் தகப்பனாரின் பெயரை முதன்முதலாகக் கேட்ட அந்த மனிதர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “நல்ல பேராத்தான் இருக்கு” என்றார்.

நம் வேண்டுகோள்

அன்பர்களே, ஏடுகள் காத்திருப்பதில்லை. செல்லும் ஈரமும் அவற்றைத் தின்கின்றன. அவற்றினும் விரைவாக நம் முதியோர்கள் மறைகின்றனர். ஆதலால் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் இருத்தல் வேண்டும். வீட்டில் மூத்தவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். இன்ன ஊர், இன்ன சாஸ்தா, இங்கே வந்தவர் யார், முதலில் எந்தத் தெருவில் தங்கினார், யாரிடம் கூலி வாங்கினார், எந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தார் என்று எழுதட்டும். அழைப்புப் பெயரையும் ஏட்டுப் பெயரையும் தனித்தனியே குறிக்கட்டும். தெரியாததற்கு இடம் விட்டு வைக்கட்டும். பின்னர் ஒரு நாள் அவ்விடம் நிரம்பும்.

கொல்லம் ஆண்டு மாற்றவோ, மலையாளப் பத்திரம் படிக்கவோ, மனு எழுதவோ உதவி வேண்டுவோர் ஞாயிறு மாலைகளில் சங்க மண்டபத்துக்கு வருக. இயன்றதைச் செய்வோம், இம்முறை கூட்டலை இருமுறை சரிபார்த்தே எழுதுவோம்.